வீட்டுக்கு அடியில் ரேடான், வீட்டுக்கு வெளியே விதிமுறை: ஒரு குழாய் பொருத்துவதில் ஏன் இவ்வளவு சிக்கல்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 200 ஆண்டுப் பழைமையான கல்வீடு ஒன்றை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலவறையில் வைத்த சோதனைக் கருவி, வீட்டுக்குள் கதிரியக்க வாயு அளவுக்கு அதிகமாக இருப்பதாகக் காட்டுகிறது.

பயப்பட வேண்டாம். தீர்வு ரொம்பவே எளிது. ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு மின்விசிறி. சாதாரண வீடாக இருந்தால் பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிஞ்சிடும்.

ஆனால் உங்கள் வீடு மரபுடைமை வட்டாரத்தில் இருக்கிறதே! அந்தக் குழாய் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும் என்றால், அதைப் பொருத்த முதலில் நகராட்சியின் அனுமதி வேண்டும்.

உடல்நலமா, மரபுடைமையா? இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணுமா? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ரேடான்னா என்ன?

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே சிறிதளவு யுரேனியம் இருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதைந்து ரேடியமாக மாறுகிறது. ரேடியம் சிதையும்போது வருவதுதான் ரேடான் வாயு.

அதற்கு நிறம் இல்லை, வாசம் இல்லை, சுவையும் இல்லை. வீட்டில் இருக்கிறதா என்பதைச் சோதனை செய்தால் மட்டுமே தெரிந்துகொள்ள முடியும்.

திறந்த வெளியில் ரேடான் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். பிரச்சினை மூடிய வீட்டுக்குள்தான். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது, சூடான காற்று மேலே ஏறி மாடி வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, வீடு அடியிலிருந்து காற்றை இழுக்கிறது. உறிஞ்சுகுழலில் பானம் குடிப்பது மாதிரிதான். தரையில் உள்ள விரிசல், குழாய் நுழையும் இடைவெளி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்து என எல்லா வழியிலும் மண்ணிலுள்ள வாயு உள்ளே வந்துவிடும்.

ரேடான் சிதையும்போது பொலோனியம் போன்ற கதிரியக்கத் துகள்கள் உருவாகின்றன. அவற்றைச் சுவாசித்தால் அவை நுரையீரலில் தங்கி, அங்குள்ள உயிரணுக்களைப் பாதிக்கும். பல ஆண்டுகள் இது தொடர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் சாத்தியம் கூடுகிறது.

எவ்வளவு ஆபத்து?

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் ரேடான் தொடர்பான நுரையீரல் புற்றுநோயால் இறப்பதாக அந்நாட்டின் சுற்றுப்புறப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிடுகிறது. அவர்களில் சுமார் 2,900 பேர் வாழ்நாளில் புகைபிடித்ததே இல்லை. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு இதுவே அங்கு முக்கியக் காரணம்.

ரேடானும் சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒரே அளவு ரேடானைச் சுவாசித்தாலும், புகைபிடிக்காதவரைவிடப் புகைபிடிப்பவருக்கு ஆபத்து சுமார் 25 மடங்கு அதிகம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பாதுகாப்பான அளவு எது? ஒரு கனமீட்டர் காற்றில் 100 பெக்குரல் என்ற அளவை அந்த நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதைக் கடைப்பிடிக்க முடியாத நாடுகளும் 300ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அமெரிக்காவில் ஒரு லிட்டர் காற்றில் 4 பிக்கோகியூரி, அதாவது கனமீட்டருக்குச் சுமார் 148 பெக்குரல் இருந்தால் வீட்டைச் சரிசெய்யும்படி ஆலோசனை கூறப்படுகிறது.

'ஆலோசனை' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. பிறகு தேவைப்படும்.

ஏன் பென்சில்வேனியா?

வீட்டுக்குள் ரேடான் என்ற பிரச்சினையை அமெரிக்கா பெரிதாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்ததே இந்த மாநிலத்தில்தான்.

1984ஆம் ஆண்டு டிசம்பர். லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்துவந்தார். கதிரியக்கத்தைக் கண்டறியும் கருவி அவரைக் கண்டதும் அலாரம் அடித்தது. நிலையம் அப்போது மின் உற்பத்தியைத் தொடங்கவே இல்லை. அப்போ கதிரியக்கம் எங்கிருந்து வந்தது?

அவருடைய வீட்டிலிருந்து. சோதித்துப் பார்த்தபோது வீட்டுக்குள் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2,700 பிக்கோகியூரி ரேடான் இருந்தது. இன்றைய பரிந்துரை அளவைவிட அது 600 மடங்குக்கும் அதிகம். குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறியது. வீட்டைச் சரிசெய்த பிறகு அவர்கள் மீண்டும் அங்கேயே குடியேறினார்கள். மோசமான வீட்டைக்கூடச் சரிசெய்யலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ரெடிங் நகரத்திலிருந்து நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் நீளும் பாறைத் தொடர் ஒன்றில் யுரேனியம் அதிகம். வாட்ராசின் வீடு அந்தப் பகுதியில்தான் இருந்தது. பென்சில்வேனியாவில் சுமார் 40 விழுக்காட்டு வீடுகளில் ரேடான் பரிந்துரை அளவைத் தாண்டுவதாக மாநில அரசாங்கம் கூறுகிறது.

அதே மாநிலத்தில்தான் பழைய வீடுகளும் ஏராளம். எடுத்துக்காட்டு பெத்லஹெம் நகரம். 1741இல் மொராவியன் கிறிஸ்துவர்கள் அமைத்த குடியிருப்பு அது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் புதுடில்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில், அந்தப் பழைய குடியிருப்பு உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆக, ரேடான் நிறைந்த மண். அதன்மேல் யாரும் இடிக்க விரும்பாத வீடுகள். சிக்கல் இங்கேதான் தொடங்குது.

வாயுவை எப்படி வெளியேத்துறாங்க?

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா? தற்காலிகமாக உதவும். ஆனால் பனிக்காலத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. விரிசல்களை அடைப்பது மட்டும் போதாது என்று சுற்றுப்புறப் பாதுகாப்பு அமைப்பும் சொல்கிறது. ஒரு சந்தை அடைத்தால் வாயு இன்னொரு சந்து வழியாக வரும்.

அதனால் வாயு வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அதைப் பிடித்து வெளியேற்றுகிறார்கள். நிலவறைத் தரையில் துளையிட்டு ஒரு குழாயை இறக்குவார்கள். குழாயில் பொருத்திய மின்விசிறி, தரைக்கு அடியிலுள்ள வாயுவை 24 மணி நேரமும் உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடும். மண் தரையாக இருந்தால், தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் தரையை மூடி, ஓரங்களைச் சுவரோடு ஒட்டி, விரிப்புக்கு அடியிலிருந்து உறிஞ்சுவார்கள்.

இதில் இரண்டு விதிகள் முக்கியம்:

• மின்விசிறி நிலவறையிலோ குடியிருக்கும் அறையிலோ இருக்கக்கூடாது. விசிறிக்கு மேலே உள்ள குழாயில் ஓட்டை விழுந்தால், அதுவே வீட்டுக்குள் ரேடானைத் தள்ளிவிடும். அதனால் விசிறியைக் கூரைக்கு அடியிலுள்ள பரணிலோ வீட்டுக்கு வெளியிலோதான் வைப்பார்கள்.

• வாயு வெளியேறும் முனை தரையிலிருந்து குறைந்தது 10 அடி உயரத்தில், ஜன்னல்களுக்கு எட்டாத இடத்தில், கூரை விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும்.

அதாவது குழாயைச் சின்னதாக வெட்டிச் செடிக்குப் பின்னால் ஒளிச்சு வைக்க முடியாது. அது உயர்ந்துதான் நிற்கும். உயர்ந்து நின்றால் கண்ணில் படும்.

பழைய வீட்டில் என்ன தொல்லை?

தெருவில் நின்று பார்த்தால் குழாய்தான் பிரச்சினை. நிலவறைக்குள் இறங்கினால் வேறு சிக்கல்கள் காத்திருக்கும்.

புதிய வீடுகளில் கான்கிரீட் தரைக்கு அடியில் சரளைக்கல் பரப்பியிருப்பார்கள். அதன் வழியாகக் காற்று சுலபமாக நகரும். ஒரே குழாய் தரை முழுவதற்கும் போதும். பழைய வீட்டில் சரளை இருக்காது. இறுகிய மண்மீது நேராகத் தரை போட்டிருப்பார்கள், சில இடங்களில் தரையே போட்டிருக்க மாட்டார்கள். அதனால் இரண்டு, மூன்று இடங்களில் உறிஞ்ச வேண்டி வரலாம்.

சுவரும் அப்படித்தான். கற்களை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய அடித்தளத்தில் சந்துகள் ஏராளம். 'சிமெண்ட் வச்சு அடைச்சிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. கடினமான சிமெண்ட், பழைய மென்மையான கல்லிலும் செங்கல்லிலும் ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். நாளடைவில் சுவரே உதிரத் தொடங்கும். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பால் பழுதுபார்ப்பதே நல்லது.

இன்னொன்று, உயிரோடு சம்பந்தப்பட்டது. விசிறியின் இழுவிசை அதிகமானால், எரிவாயு அடுப்பு, சூடேற்றி போன்றவற்றின் புகையும் வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். ஓர் ஆபத்தைத் தவிர்க்கப் போய் இன்னோர் ஆபத்தை வரவழைக்கக்கூடாது. பென்சில்வேனியாவில் ரேடான் வேலையைச் செய்பவர்கள் மாநிலத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதன் அர்த்தம் இப்போ புரியும்.

மரபுடைமை விதி என்ன சொல்லுது?

பலர் இதில் குழம்பிப்போகிறார்கள். அமெரிக்காவில் ஒரு வீடு தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் இருப்பதால் மட்டுமே உரிமையாளருக்குத் தடை வந்துவிடாது. சொந்தப் பணத்தில் அவர் மாற்றங்கள் செய்துகொள்ளலாம். கையைக் கட்டுவது உள்ளூர்ச் சட்டம்தான்.

பென்சில்வேனியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மரபுடைமை வட்டாரங்களை உருவாக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குக் கொடுத்தது. அத்தகைய வட்டாரத்தில், பொதுச் சாலையிலிருந்து தெரியும் மாற்றத்தை ஒரு மறுஆய்வுக் குழு பரிசீலித்துப் பரிந்துரை செய்யும். இறுதி முடிவு நகர மன்றத்தின் கையில்.

குழுவின் கவலையிலும் நியாயம் உண்டு. இருநூறு ஆண்டாக மாறாத கல்முகப்பின் நடுவே ஒரு வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாய் ஓடினால் நன்றாகவா இருக்கும்? ஒரு வீட்டுக்கு அனுமதித்தால் தெருவுக்கே அனுமதித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் அது மரபுடைமைத் தெருவாக இருக்காது.

அப்போ எது முக்கியம்?

முதலில் சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற அனுமதி கட்டாயம். வீட்டுக்குள் இருக்கும் ரேடானைக் குறைப்பதோ வெறும் ஆலோசனை. சொந்த வீட்டில் 4 பிக்கோகியூரி தாண்டினாலும், 40 தாண்டினாலும், அதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற குழாய்க்குச் சட்டம் உண்டு, தெரியாத வாயுவுக்கு இல்லை.

இதன் விளைவு என்ன? ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உரிமையாளருக்கு ஆகச் சுலபமான வழியாகிவிடுகிறது. விண்ணப்பம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், செலவும் வேண்டாம்.

வீட்டை விற்கும்போதும் இதே கதை. பென்சில்வேனியாவில் விற்பவர், ரேடான் பற்றித் தமக்குத் தெரிந்ததை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். தெரிந்ததை மட்டும்தான். சோதனையே செய்யாதவருக்குச் சொல்ல எதுவும் இல்லை! அனுமதி வாங்குவது கடினமாக இருக்க இருக்க, சோதிக்காமலேயே இருந்துவிடலாம் என்ற எண்ணமும் கூடும். பழைய வீடுகளில் உண்மையான ஆபத்து இதுதான். அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர்களைவிட, கேட்கவே தயங்குபவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

செலவும் ஒரு பக்கம். வாடகை போன்ற வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடங்களைப் பெரிய அளவில் புதுப்பித்தால், நிபந்தனைகளோடு 20 விழுக்காட்டுக் கூட்டாட்சி வரிச்சலுகை உண்டு. சொந்த வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அது கிடையாது. தெருவின் அழகு எல்லாருக்கும், குழாயை மறைக்கும் செலவு ஒருவருக்கு மட்டும் என்றால் எப்படி?

அதே நேரம், மறுஆய்வுக் குழுவை வில்லனாக்குவதும் சரியில்லை. ரேடான் இன்று சுவாசித்தால் நாளை நோய் வரும் என்ற மாதிரியான ஆபத்து அல்ல. பல ஆண்டுகளில் சேரும் ஆபத்து அது. வாட்ராஸ் வீட்டில் இருந்தது போன்ற மிக உயர்ந்த அளவு என்றால் காத்திருக்கக்கூடாது. மற்றபடி, நல்ல வடிவமைப்புக்காகச் சில வாரங்கள் காத்திருப்பதில் தப்பில்லை. அந்தச் சில வாரங்கள் சில ஆண்டுகளாக நீளக்கூடாது, அவ்வளவுதான்.

மரபுடைமைத் துறையே இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. புதிதாகச் சேர்க்கும் பகுதியைப் பின்னாளில் நீக்கினாலும் பழைய கட்டடம் சிதையாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க உள்துறையின் சீரமைப்புத் தரநிலைகளில் ஒன்று. குழாயை என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றலாம். நுரையீரலில் ஏற்பட்ட பாதிப்பைக் கழற்ற முடியாது. எனவே கேள்வி 'குழாய் வேணுமா, வேண்டாமா?' என்பதாக இருக்கக்கூடாது. 'எந்த வழியாகக் கொண்டுபோகலாம்?' என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

வழி இருக்கா?

நிறையவே இருக்கு.

• குழாயை வீட்டுக்கு உள்ளேயே, அலமாரி வழியாகப் பரணுக்குக் கொண்டுபோகலாம். விசிறியைப் பரணில் வைத்து, முனையைத் தெருவுக்குத் தெரியாத பின்கூரையில் விடலாம்.

• வெளியேதான் போக வேண்டும் என்றால் பின்சுவரைத் தேர்ந்தெடுக்கலாம். பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய பகுதி இருந்தால் இன்னும் நல்லது.

• மழைநீர்க் குழாய் போன்ற வடிவில் உலோகக் குழாயைப் பொருத்தி, சுவரின் நிறத்திலேயே சாயம் பூசலாம்.

• கல்லைத் துளைக்காமல், கற்களுக்கு நடுவே உள்ள சாந்தில் ஆணி அடிக்கலாம். பிறகு சாந்தை மட்டும் பழுதுபார்த்தால் போதும்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சும்போது நிலவறையின் ஈரமும் குறையலாம். பழைய கட்டடத்துக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி உண்டா? வீட்டில் இருப்பவரைக் காப்பாற்றும் கருவி வீட்டையும் காப்பாற்ற உதவும். மறுஆய்வுக் குழுவிடம் பேசும்போது முதலில் சொல்ல வேண்டிய வாதம் இது.

நகராட்சிகளும் ஒரு வேலை செய்யலாம். எந்த மாதிரிக் குழாய், எந்தப் பக்கம், எந்த நிறம் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதற்குள் வரும் விண்ணப்பங்களைக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் அதிகாரிகளே அனுமதிக்கலாம். முகப்பும் தப்பும், மக்களும் தயங்க மாட்டார்கள்.

நமக்கு இதுல என்ன?

சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். புளோக்கின் வெற்றுத்தளத்துக்கு மேலே, தரையைத் தொடாமல் வாழ்கிறோம். வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியமும் இல்லை. மண்ணிலிருந்து வாயு ஏறிவரும் வழி இங்கு அவ்வளவாக இல்லை.

ஆனால் படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். பழைய வீட்டின் கீழ்த்தள அறைக்கு வாடகை குறைவு என்று ஆசையாகவும் இருக்கும். அப்படியென்றால் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

• மூன்றாம் மாடிக்குக் கீழே உள்ள எல்லா வீடுகளையும் சோதிக்கும்படி அமெரிக்கச் சுற்றுப்புறப் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைக்கிறது. வீடு புதுசா பழசா என்பது முக்கியமில்லை.

• ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், 'ரேடான் சோதனை செய்திருக்கிறீர்களா? எப்போது? எவ்வளவு வந்தது?' என்று வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள்.

• சோதனைக் கருவியை நீங்களே வாங்கி வைக்கலாம். சில நாள்களில் முடிவு தெரியும் கருவியும் உண்டு. 90 நாள்களுக்கு மேல் வைக்கும் கருவி, ஆண்டு முழுவதற்குமான சராசரியை இன்னும் சரியாகக் காட்டும்.

• பிரிட்டனில் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு கனமீட்டருக்கு 200 பெக்குரல். கார்ன்வால், டெவன் வட்டாரங்களில் ரேடான் அதிகம். அங்கே சோதனை பொதுவாக மூன்று மாதம் நடக்கும்.

• வீட்டில் ஏற்கெனவே குழாய் பொருத்தியிருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். யாரோ அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விசிறி ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். குழாயில் இருக்கும் திரவம் நிரம்பிய சின்ன அளவுமானியில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால், விசிறி வேலை செய்யவில்லை.

அப்புறம், மரபுடைமைக் கேள்வி நமக்கும் புதிதல்ல. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவை 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இன்று சிங்கப்பூரில் 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் பாதுகாக்கப்படுகின்றன. தேக்காவில் ஒரு கடைவீட்டின் முகப்பில் குளிர்சாதனக் கருவியை நினைத்த இடத்தில் மாட்டிவிட முடியாது. அதற்கு விதி உண்டு. அந்த விதி இல்லாமல் போயிருந்தால் அந்தத் தெருக்கள் இன்று இப்படி இருந்திருக்காது.

அதே கடைவீட்டின் மேல்மாடியில் ஒருவர் தூங்குகிறார், சமைக்கிறார், மூச்சுவிடுகிறார். முகப்பைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளோடு, உள்ளே காற்று எப்படி இருக்கிறது, தீ பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். பழைய தெருவில் மனிதர்கள் தொடர்ந்து நலமாகக் குடியிருந்தால்தான் அந்தத் தெரு உயிரோடு இருக்கும்.